சாளரமும் சீதோஷ்ணமும்

வெயிலின் வழி

ஹைதராபாத் நகரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 17.4 பாகையில், தக்காணப் பீடபூமியின்மேல், கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரத்தில் அமைந்திருக்கிறது. இந்த அட்சரேகையின் விளைவாக, ஆண்டுதோறும் மே 9-ஆம் தேதியை ஒட்டி ஒரு நாளும், ஆகஸ்டு 3-ஆம் தேதியை ஒட்டி ஒரு நாளும், சூரியன் உச்சிவேளையில் அந்நகரத்தாரின் தலைக்கு நேர் மேலாக வந்துவிடுகிறது. செங்குத்தாக நட்ட கோலின் நிழல் கோலடியிலேயே ஒடுங்கி மறையும் அவ்விரு நாட்களையும் வானசாஸ்திரத்தில் ஈடுபாடுடையோர் ஆவலோடு எதிர்பார்ப்பர். வீட்டினுள் செடி வளர்ப்போர் எதிர்பார்ப்பதில்லை. எனினும் அந்நாட்களை அறிந்துகொள்வதனால் அதிகப் பிரயோஜனம் அடையக்கூடியவர்கள் அவர்களே. ஏனெனில், இவ்விரு தேதிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் சூரியன் கிழக்கிற்குச் சற்று வடக்கே உதித்து, உச்சியிலும் சற்றே வடக்காக நின்று, மேற்கிற்குச் சற்று வடக்கே மறைகிறதாதலால், தெற்கு நோக்கிய சாளரத்தில் ஒரு கிரணமேனும் நேராக நுழைவதில்லை.

டிசம்பர் மாதத்திலோ நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. அம்மாதம் 21-ஆம் தேதியளவில் ஹைதராபாத்தில் சூரியன் உச்சிவேளையிலும் அடிவானத்திலிருந்து 49 பாகை உயரமே ஏறுகிறது. ஆகையால், மேல்விளிம்பு தரையிலிருந்து 7 அடி உயரத்தில் அமைந்த ஒரு தெற்குச் சாளரத்தின் வழியே, வெளியில் சன்ஷேடு குறுக்கிடாத பட்சத்தில், வெயில் அறைக்குள் 6 அடி தூரம் வந்து விழுகிறது. டிசம்பரில் அவ்விடத்தில் வைத்த குரோட்டன் செடி செம்மையும் மஞ்சளுமாகச் சோபித்திருந்து, ஜூனில் வெறும் பச்சையாக மங்கிப்போகுமாயின், அதன் சொந்தக்காரர் எருவின்மீது சந்தேகங்கொண்டு மேலும் ஒரு பிடி எருவை இடுகிறாரே அன்றி, வெயில் இடம் பெயர்ந்துவிட்டது என்பதைச் சிந்திப்பதில்லை. சென்னையில் இருந்து ஹைதராபாத்திற்குக் குடிபெயர்ந்தவர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். சென்னை 13 பாகையில் உள்ளதாகையால், அங்கே நிழலற்ற நாட்கள் ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 என்னும் தேதிகளை ஒட்டி வருகின்றன. அங்குத் தெற்குச் சாளரம் ஏறக்குறைய நான்கு மாதம் நேர்வெயில் இன்றி இருக்க, ஹைதராபாத்தில் அக்காலம் மூன்று மாதத்திற்கும் குறைவே.

மற்றத் திசைகளுக்கும் இவ்வாறே தனித்தனிச் சுபாவம் உண்டு. கிழக்குச் சாளரம் ஆண்டு முழுவதும் இளவெயிலைத் தருவது. காற்று இன்னும் சூடேறாத வேளையில் வெயில் வந்து போய்விடுகிறபடியால், மென்மையான இலையுடைய செடிகளுக்கும் அது பெரும்பாலும் தீங்கு விளைப்பதில்லை. மேற்குச் சாளரம் தரும் வெயிலின் அளவும் அதுவே. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் வெளிக்காற்று 40 பாகை செல்சியஸைத் தொடும் பிற்பகலில் அது வருவதால், அதே வெயில் அங்கே இலையைக் கருக்கிவிடுகிறது. வடக்குச் சாளரத்தை இருண்டதென்று இகழ்வது வழக்கம். ஆயினும் கோடையின் காலையிலும் மாலையிலும் சாய்ந்த கதிர்கள் அதன் வழியே நுழைகின்றன.

ஆகவே, ஒரே வீட்டின் நான்கு சுவர்களுக்கு நான்கு வகையான பருவகாலங்கள் இருக்கின்றன. மாதப்பூரிலும் கச்சிபௌலியிலும் எழுந்துள்ள அடுக்குமாடிகளின் பன்னிரண்டாம் தளத்து வீட்டிற்கும், தமிழர் பலர் தலைமுறைகளாக வாழும் மாரேட்பள்ளியின் பழைய ஓட்டுவீட்டிற்கும், வெளியே உள்ள சீதோஷ்ணம் ஒன்றே எனினும், உள்ளே உள்ள சீதோஷ்ணம் ஒன்றன்று. வீட்டினுள் செடி வளர்க்க விரும்புபவர் முதலில் ஆராய வேண்டுவது செடியை அன்று, தம் வீட்டை என்பதே இந்த அத்தியாயத்தின் பிரதான விஷயம்.

கண்ணும் இலையும்

இந்த ஆராய்ச்சியில் மனிதனின் கண் நம்பத்தகாத சாட்சி. மே மாத நடுப்பகலில் திறந்த வெளியின் பிரகாசம் 1,00,000 லக்ஸ் அளவை எட்டுகிறது. கூடத்தின் நடுவில், பத்திரிகை படிப்பதற்குத் தாராளமாகப் போதுமென்று நாம் கருதும் இடத்தில், அது 300 லக்ஸுக்கு மேல் இருப்பது அரிது. முந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்ட இவ்வித்தியாசத்தை நாம் உணராமல் இருப்பதற்குக் காரணம், கண்ணின் பாவை விரிந்து கொடுப்பதும், விழித்திரை தன் உணர்திறனைத் தக்கவாறு உயர்த்திக்கொள்வதுமாகும். இலைக்கு அத்தகைய தந்திரம் ஏதும் இல்லை. அதன்மேல் விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கைக்கு ஏற்பவே அது கரியமிலவாயுவைச் சர்க்கரையாக மாற்றுகிறது; அதே சமயத்தில் இரவும் பகலும் ஓயாமல் சுவாசித்து, சேர்த்த சர்க்கரையில் ஒரு பகுதியைச் செலவிட்டும் வருகிறது. வரவும் செலவும் சரியாக நிற்கும் ஒளியளவைத் தாவர சாஸ்திரிகள் ஈடுசெய் புள்ளி என்பர். அதற்குக் கீழ்ப்பட்ட ஒளியில் வைக்கப்பட்ட செடி உடனே மடிவதில்லை. முன்னர்ச் சேமித்ததை உண்டு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் உயிர் தரித்திருந்து, ஒருநாள் காரணமின்றி வாடியதாகத் தோன்றும்படி வாடுகிறது.

துளசி, ரோஜா, செம்பருத்தி முதலியவை வெட்டவெளியில் வளரும் இனங்களாகையால் அவற்றின் ஈடுசெய் புள்ளி உயர்ந்தது; கூடத்தின் மூலையில் அவை பிழைக்கமாட்டா. அடர்ந்த வெப்பமண்டலக் காடுகளின் தரையிலோ, மேலே விழும் ஒளியில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே வந்து சேர்கிறது. அந்த அரையிருளில் பல்லாயிரம் தலைமுறைகளாக வாழ்ந்து பழகிய அக்லோனிமா, டீஃபன்பேக்கியா, ஃபிலோடெண்ட்ரான், பெரணிகள் ஆகியவற்றுக்கு நம் வீட்டுச் சாளரத்தின் ஓரம் அவற்றின் ஜன்மபூமியை நிகர்த்த வெளிச்சத்தையே தருகிறது.

இவ்வகையில் மணிபிளாண்ட் என்று நாடெங்கும் வழங்கும் கொடியின் சரித்திரம் அறியத்தக்கது. அதன் பூர்வீகம் பசிபிக் மகாசமுத்திரத்தில், சொசைட்டி தீவுகளைச் சேர்ந்த மோரியா என்னும் சிறு தீவு. 1880-ஆம் ஆண்டில் ஐரோப்பியத் தாவரவியலார் அதனை வருணித்துப் பெயரிட்டனர். காட்டில் மரத்தைப் பற்றி ஏறும் காலத்தில் அதன் இலை முழ நீளத்திற்கும் மேலாக விரிந்து, ஓரங்களில் பிளவுபடும். நம் வீடுகளில் உள்ளங்கையளவு இலையோடு காணப்படுவது அதன் பாலியப் பருவமேயாகும். அது பூப்பதைக் கண்டவர் மிக அரியர். தண்டுப் பகுதியைப் பூக்கும் பருவத்திற்கு இட்டுச் செல்லும் ஜிப்பரெல்லின் என்னும் இயக்குநீரை உற்பத்தி செய்வதில் அதற்கு உள்ள குறைபாடே இதற்குக் காரணம் என்று 2016-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி நிறுவியது. விதையில்லாத இச்செடி உலகம் முழுவதும் பரவியது தண்டுத் துண்டுகளால் மட்டுமே. அண்டை வீட்டாருக்குத் தெரியாமல் ஒடித்து வந்த துண்டே செழித்து வளரும் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் துண்டில் ஒரு கணு இருந்தால் போதுமானது. கணுவில் வேர்முளை முன்னரே அமைந்திருக்கிறது. ஆக்ஸின் என்னும் வளர்ச்சிப் பொருள் தண்டின் வழியே கீழ்நோக்கி இறங்கி வெட்டுவாயில் தேங்கி, அவ்வேரைத் தூண்டிவிடுகிறது.

அதே 1880-ஆம் ஆண்டில்தான் சார்லஸ் டார்வின் தம் புதல்வர் பிரான்சிஸின் துணையோடு தாவரங்களின் இயக்கங்களைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். புல் முளையின் நுனியை ஒளி புகாதவாறு மூடிவிட்டால், அம்முளை ஒளியை நோக்கி வளைவதில்லை என்று அவர்கள் கண்டனர். ஒளியை உணர்வது நுனி, வளைவது அதன் கீழ்ப்பகுதி, இரண்டிற்கும் இடையே ஏதோ ஒரு செய்தி செல்கிறது என்பது அதிலிருந்து பெறப்பட்டது. அச்செய்தியின் ரசாயன வடிவத்தை 1926-இல் ஹாலந்து தேசத்து விஞ்ஞானி ஃப்ரிட்ஸ் வென்ட் பிரித்துக் காட்டினார்; அதுவே ஆக்ஸின். நிழல் படிந்த பக்கத்தில் அது மிகுதியாகச் சேர்வதால் அப்பக்கத்து உயிரணுக்கள் நீண்டு, தண்டு சாளரத்தை நோக்கிச் சாய்கிறது. வாரத்திற்கு ஒரு முறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைக்கும் வழக்கம் இந்த உண்மையைச் சார்ந்ததே.

காற்றின் தாகம்

ஹைதராபாத்தின் சாலையோர நாற்றங்கால்களிலும், ஹுஸைன் சாகர் ஏரிக்கரையில் நெக்லஸ் ரோட்டில் கூடும் செடி மேளாக்களிலும் விற்பனைக்கு வரும் செடிகளில் பெரும் பகுதி, கோதாவரி டெல்டாவில் ராஜமகேந்திரவரத்திற்கு அருகே உள்ள கடியம் என்னும் ஊரைச் சுற்றிய தோட்டங்களில் வளர்ந்தவை. ஆற்றுநீரும் கடற்காற்றின் ஈரமும் கலந்த பிரதேசத்தில், பச்சை வலைப்பந்தலின் கீழே உருவான செடி, லாரியில் ஏறி மறுநாள் தக்காணத்தின் வறண்ட காற்றில் இறங்குகிறது. சில தினங்களில் ஃபைகஸ் தன் இலைகளைப் பாதிக்குமேல் உதிர்த்துவிடுமாயின், அது நோயன்று. புதிய ஒளிக்கும் புதிய காற்றுக்கும் ஒத்த வேறு இலைகளைத் தயாரிப்பதற்காகப் பழையவற்றைக் கழிப்பதேயாகும்.

காற்றின் வறட்சியை ஈரப்பத சதவீதத்தால் மட்டும் அளப்பது போதாது. அது இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்கக்கூடும் என்பதே இலைக்கு முக்கியம். 28 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 27 கிராம் நீராவியைத் தாங்க வல்லது. மழைக்காலத்தில் ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்குமாயின், அக்காற்று மேலும் ஏற்கக்கூடியது ஏறக்குறைய 5 கிராம். 40 பாகையிலோ அதே அளவு காற்று 51 கிராம் தாங்கும்; மே மாதப் பிற்பகலில் ஈரப்பதம் 25 சதவீதம் என்று கொண்டால், இன்னும் 38 கிராமுக்கு அங்கே இடமிருக்கிறது. ஆகஸ்டு மாதக் காற்றைக் காட்டிலும் மே மாதக் காற்றின் தாகம் ஏழு மடங்கு அதிகம். இத்தாகத்திற்கு ஈடுகொடுத்து நீரை ஏற்றி அனுப்ப வேரால் இயலாதபோது, செடி தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. மூடிய இலைக்குள் கரியமிலவாயு நுழைய வழியின்றி வளர்ச்சி நின்றுவிடுகிறது.

குளிர்சாதன எந்திரம் காற்றை வறளச் செய்து செடியைக் கொல்கிறதென்னும் குற்றச்சாட்டு பரவலானது. கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. எந்திரம் காற்றிலிருந்து ஓரளவு ஈரத்தை வடித்து வெளியேற்றுவது மெய்யே. எனினும் 24 பாகைக்குக் குளிர்ந்து, 50 சதவீத ஈரப்பதத்தோடு நிற்கும் அறைக்காற்று மேலும் ஏற்கக்கூடிய நீராவி 11 கிராம் மாத்திரமே. தக்காணத்தின் கோடையில், வெளிக்காற்றை விட அந்த அறை இலைக்கு மிகவும் இதமானது. தீங்கு செய்வது எந்திரத்தின் வாயிலிருந்து நேரே இலைமேல் மோதும் காற்றோட்டம்; தொட்டியை இரண்டு முழம் தள்ளி வைத்தால் அது தீர்ந்துவிடும். நனைந்த தட்டிகளின் வழியே காற்றை இழுக்கும் ஏர்கூலரோ, ஈரமும் குளிர்ச்சியும் ஒருங்கே தருவதால், மே மாதத்தில் பெரணிகளுக்குச் சிறந்த சகாயம். இலைகளின்மேல் நீர் தெளிப்பதன் பயன் தெளித்த நீர் உலரும் வரையில்தான். அதனினும் தொட்டிகளை நெருக்கமாக ஒரே இடத்தில் கூட்டி வைத்து, ஒன்றன் மூச்சு ஈரத்தில் மற்றொன்று வாழச் செய்வது நலம்.

இந்தத் தாகத்தைப் பொருட்படுத்தாத இனங்களும் உண்டு. நம் நாட்டு மருளுக்கு உறவான, ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட ஸ்னேக் பிளாண்ட், பகலில் இலைத்துளைகளை அடைத்துக்கொண்டு இரவின் குளிர்ச்சியில் திறந்து, அப்போது ஏற்ற கரியமிலவாயுவை அமில ரூபத்தில் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் பயன்படுத்துகிறது. ஹைடெக் சிட்டியின் அலுவலகக் கூடங்களில் வரிசையாக நிற்கும் ஜீஜீ பிளாண்ட் கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பிரதேசங்களில் தோன்றியது. மண்ணடிக் கிழங்கிலும் பருத்த இலைக்காம்பிலும் நீரைத் தேக்கி வைத்திருப்பதால், அதனை மறந்துவிடும் எஜமானர்களையும் அது பொறுத்துக்கொள்கிறது.

தொட்டியும் நீரும்

ஹைதராபாத்தைச் சுற்றிலும் காணப்படும் கருங்கற் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. அவை சிதைந்து உண்டானதே அப்பகுதியின் செம்மண். வயலில் நல்ல வடிகாலுடைய அம்மண்ணே தொட்டியில் அடைத்தபோது சேறாக நிற்பது ஏன் என்பது பலரையும் மலைக்க வைக்கும் பிரச்சினை. வயலில் மண் பல அடி ஆழத்திற்குத் தொடர்ந்து இருப்பதால், கீழுள்ள மண் மேலுள்ள நீரை இழுத்துக்கொள்கிறது. எட்டு அங்குலத் தொட்டியில் மண் முடிந்துவிடுகிறது. நுண்ணிய இடைவெளிகளில் தங்கிய நீரின் ஒட்டும் சக்தி புவியீர்ப்பை வென்று நிற்க, கொடியில் காயும் வேட்டியின் கீழ்க்கரை கடைசிவரை ஈரமாயிருப்பது போன்று, தொட்டியின் அடிப்பகுதி நனைந்தே கிடக்கிறது. அடியில் ஓட்டுச் சில்லும் கூழாங்கல்லும் பரப்பினால் நீர் வடியும் என்பது தலைமுறைகளாக வந்த நம்பிக்கை; உண்மையில், நுண்மண்ணில் தங்கிய நீர் பருங்கற்களின் பெரிய இடைவெளிகளுக்குள் எளிதில் இறங்காதாகையால், அந்த ஈரமட்டம் கற்களின்மேல் ஏறி, வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. ஓட்டை மண்ணால் அடைபடாமல் காக்க ஒரு சில்லு போதும்; மற்றபடி செய்யத்தக்கது, செம்மண்ணோடு கோகோபீட்டும் மக்கிய எருவும் பருமணலும் கலந்து, மண்முழுவதையும் காற்று புகும்படி அமைப்பதே. நீரினூடே பிராணவாயு பரவும் வேகம் காற்றினூடே பரவுவதில் பதினாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே இடைவிடாது நனைந்திருக்கும் வேர் மூச்சின்றி அழுகுகிறது. அழுகிய வேர் நீரை ஏற்ற இயலாமையால், ஈரமண்ணில் நிற்கும் செடி தாகத்தால் வாடுகிறது.

எந்த நீரை ஊற்றுவது என்பதும் இந்நகரில் ஆலோசிக்க வேண்டிய விஷயம். 1908-ஆம் ஆண்டு மூசி நதியில் பெருவெள்ளம் வந்து நகரை அழித்த பின்னர், பொறியாளர் விசுவேசுவரய்யாவின் யோசனையை ஒட்டி உஸ்மான் சாகர் 1920-லும் ஹிமாயத் சாகர் 1927-லும் கட்டி முடிக்கப்பட்டு, அந்நீர்த்தேக்கங்கள் பல பதிற்றாண்டுகள் நகரின் குடிநீருக்கு ஆதாரமாயின. இன்று கிருஷ்ணா, கோதாவரி நதிகளின் நீரும் குழாய் வழியே வருகிறது. அது போதாத இடங்களில் ஆழ்துளைக் கிணற்றின் நீரே கதி. கருங்கற் பாறையின் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கிய அந்நீரில் உப்புகள் மிகுதி. அண்டையிலுள்ள நல்கொண்டா ஜில்லாவின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பது பிரசித்தம். டிரசீனாவும் ஸ்பைடர் பிளாண்டும் ஃபுளோரைடைச் சற்றும் தாங்காதவை. நீரோடு ஏறிய அந்த உப்பு இலை நுனியில் தேங்க, நுனி பழுப்பாகக் கருகுகிறது. நீரை வீணாக்க மனமின்றி, ஆர்.ஓ. எந்திரம் கழித்துவிடும் நீரைத் தொட்டிகளில் ஊற்றும் இல்லத்தரசிகள், எந்திரம் பிரித்தெடுத்த உப்பு அனைத்தும் அக்கழிவு நீரிலேதான் செறிந்திருக்கிறது என்பதை அறிதல் வேண்டும். அதைத் தரை கழுவப் பயன்படுத்திவிட்டு, குளிர்சாதன எந்திரத்தின் குழாயில் சொட்டும் நீரைச் செடிக்குச் சேகரிப்பது உசிதம். காற்றின் ஆவியே குளிர்ந்து வடிந்த அந்நீரில் உப்பு அநேகமாக இல்லை.

வாயுவைப் பற்றிய நம்பிக்கைகள்

வீட்டுச் செடிகள் காற்றைச் சுத்தி செய்கின்றன என்னும் கீர்த்திக்கு மூலகாரணம் 1989-இல் அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமான நாசாவுக்காக வுல்வெர்ட்டன் என்னும் விஞ்ஞானி நடத்திய பரிசோதனை. காற்றுப் புகாத சிறு கூண்டுகளில் பென்ஸீன், ஃபார்மால்டிஹைடு முதலிய ஆவிகளைச் செலுத்தி, உள்ளிருந்த செடியும் மண்ணும் அவற்றைக் குறைத்தன என்று அவர் காட்டினார். ஆனால் மனிதர் வாழும் வீடு மூடிய கூண்டன்று. கதவிடுக்கிலும் சாளரத்திலும் காற்று ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது. அவ்வாறு மாறும் காற்று செய்யும் சுத்திக்கு நிகராகச் செடிகள் செய்ய வேண்டுமாயின், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டியிருக்கும் என்று கம்மிங்ஸ், வேரிங் என்னும் இருவர் 2019-இல் கணக்கிட்டனர். இதற்கு மாறாக, இரவில் செடி கரியமிலவாயுவை வெளியிடுவதால் படுக்கையறையில் வைக்கலாகாது என்னும் அச்சம், 1779-இல் இங்கன்ஹௌஸ் என்னும் ஆராய்ச்சியாளர் தாவரங்கள் இருளில் காற்றைக் கெடுக்கின்றன என்று எழுதிய நாளிலிருந்து தொடர்வது. அவர் கண்டது மெய். அதன் அளவுதான் அற்பம். ஒரு மனிதன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கிலோகிராம் கரியமிலவாயுவை வெளியிடுகிறான். அருகில் உறங்குபவரோடு ஒப்பிட்டால் தொட்டிச் செடியின் மூச்சு கணக்கில் சேராது.

அச்சத்திற்கு உரியது வேறொன்று உண்டு; அது கொசு. செகந்திராபாத்தின் பேகம்பேட்டையில், 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி, ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தார். அவர் ஆராய்ந்தது அனாபிலிஸ் இனத்துக் கொசு; அதனின்றும் வேறான, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டினுள் தேங்கிய சிறிதளவு தெளிந்த நீரிலேயே முட்டையிடும்; மணிபிளாண்ட் வைத்த கண்ணாடிக் குப்பியும் தொட்டியின் அடித்தட்டும் அதற்குப் போதும். முட்டை பொரித்துப் பறக்கும் கொசுவாக ஒரு வாரத்திற்குமேல் ஆகிறபடியால், வாரந்தோறும் நீரைக் கொட்டிக் குப்பியைத் தேய்த்துக் கழுவுபவர் வீட்டில் அது பெருகுவதில்லை.

காற்றைச் சுத்தி செய்யாத செடி வேறு எதற்கு உதவுகிறது என்று கேட்போருக்கு, அது வீட்டைப் பற்றி அறிவிக்கிறது என்று பதில் கூறலாம். கணுக்களுக்கிடையே தண்டு நீண்டால் ஒளி குறைவு. நுனி கருகினால் நீரில் உப்பு மிகுதி அல்லது காற்றில் வறட்சி. மண் ஈரமாயிருக்க இலை தொங்கினால் வேருக்கு மூச்சில்லை. இதனைப் பரிசோதித்தறிய விரும்புபவர், மணிபிளாண்ட் கொடி ஒன்றிலிருந்து ஒத்த அளவுள்ள மூன்று துண்டுகளை எடுத்து, ஒரே மாதிரியான மூன்று தொட்டிகளில் ஒரே கலவை மண்ணில் நட்டு, ஒன்றைக் கிழக்குச் சாளரத்திலும், ஒன்றைத் தெற்குச் சாளரத்திலும், மற்றொன்றைக் கூடத்தின் நடுவிலும் வைத்து, மண்ணின் மேற்பரப்பு உலர்ந்தபோது மட்டும் நீர் வார்த்து வருவாராக. மூன்றும் ஒரே தாய்த்தண்டின் பகுதிகள். பரம்பரையில் அவற்றினிடையே யாதொரு பேதமும் இல்லை. மூன்று மாதங்களின் முடிவில் கணுவிடை நீளத்தையும் இலையின் அகலத்தையும் அளவுகோலால் அளந்து எழுதினால், அங்கே தென்படும் வித்தியாசம் பெரும்பாலும் அவ்வீட்டினுடையதாகவே இருக்கும். புதிய செடிகளை வாங்க நாற்றங்காலுக்குச் செல்வது அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே உசிதமாகும்.